நூற்றிருபது கிராம் சோறு

துணியில் கோடு விழுந்ததில்தான் எல்லாம் தொடங்கியது.

1989 ஆவணி மாதம். திருப்பூரில் காங்கயம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த நிட்டிங் கம்பெனியில் கன்னையன் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். பதினான்கு வருஷமாக அதே வேலை. மிஷினில் ஓர் ஊசி உடைந்தால் துணியில் நெடுக மெல்லிய கோடு விழும். முழம் துணி இறங்குவதற்குள் அவர் கண்ணில் பட்டுவிடும். மிஷினை நிறுத்தி ஊசியை மாற்றிவிடுவார். அந்த வாரம் மூன்று உருளைத் துணி கோட்டோடு இறங்கிப் போயிருந்தது. அவர் பார்க்கவில்லை.

முதலாளி ஈஸ்வரமூர்த்தி சத்தம் போடவில்லை. கண்ணைக் காட்டிவிட்டு வரச் சொன்னார். கண் டாக்டர், முதலில் சர்க்கரை பார்த்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். பார்த்தார்கள். முந்நூற்று நாற்பது.

அந்த எண்ணைக் கேட்டதும் கன்னையனின் மனைவி மயிலாளுக்குத் தன் அண்ணன் வெள்ளையன்தான் நினைவுக்கு வந்தார். பொங்கலூரில் பண்ணையம் பார்த்துக்கொண்டிருந்தவர். காலில் களைக்கொத்து பட்ட காயம் ஆறாமல், கோயமுத்தூரில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எட்டாம் மாதம் இறந்துபோனார். அவருக்குச் சர்க்கரை ஏறியது, இறங்கவேயில்லை. ஆகவே சர்க்கரை என்பது ஏறுகிற ஒன்று. ஏறினால் முதலில் காலைக் கேட்கும், பிறகு ஆளைக் கேட்கும். மயிலாளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது இறங்கியும் ஆளைச் சாய்க்கும் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சொல்லவில்லை என்றும் முழுதாகச் சொல்ல முடியாது. மாத்திரையோடு ஆஸ்பத்திரியில் ஒரு தாளும் கொடுத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் இங்கிலீஷ். முன்பக்கம் கட்டம் போட்டு, எந்த நேரத்துக்கு என்ன சாப்பாடு, எத்தனை கிராம் என்று இருந்தது. பின்பக்கம் நெருக்கமாகப் பத்தி பத்தியாக எழுத்து. ஒரே மகள் சென்னம்மாள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அகராதியை வைத்துக்கொண்டு கட்டத்தை மட்டும் தமிழில் எழுதி அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். மறுநாள் காலாண்டுக் கணக்குப் பரீட்சை. பின்பக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள்.

தாள் கசங்கினால் வீணாகிவிடும், சுவரில் ஒட்டிவிடலாம் என்றாள் மயிலாள். ஒட்டியதும் சென்னம்மாள்தான். மைதா பசை காய்ச்சினாள். நான்கு மூலைக்கு மட்டும் தடவாமல் தாள் முழுக்கத் தடவி, பனியன் பெட்டிக்கு லேபிள் ஒட்டுவதுபோல உள்ளே காற்று நிற்காமல் துணியால் நீவி ஒட்டினாள். பின்பக்கம் சுவரோடு போயிற்று.

தாளில் இருந்த சாப்பாடு அந்த வீட்டுச் சாப்பாடு இல்லை. கோதுமை ரொட்டி இரண்டு துண்டு, கொழுப்பெடுத்த பால், ஆப்பிள் பாதி. அந்தச் சந்தில் ஆப்பிள் வாங்கினால் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்பார்கள். மயிலாள் எழுத்துக்கூட்டிப் படிப்பவள்; மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் கட்டம் அவளுக்குப் புரிந்தது. மாவு, பருப்பு, காய் மூன்றும் ஒவ்வொரு வேளையிலும் இருக்க வேண்டும். மாவு குறைவாக, காய் நிறைய. பெயர்கள்தான் வேறு. ரொட்டி இருந்த இடத்தில் ராகிக்களியை வைத்தாள். ஆப்பிளுக்குக் கொய்யாக்காய். பாலைக் காய்ச்சி ஆறவைத்து ஆடையை வழித்து எடுத்தாள்.

கிராம்தான் சிக்கல். படியும் ஆழாக்கும் தெரிந்த கைக்கு நூற்றிருபது கிராம் சோறு எவ்வளவு என்று தெரியவில்லை. அவள் நான்கு சந்து தள்ளி ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில், தைத்த துணியில் குறை தேடும் செக்கிங் வேலை பார்த்தாள். துணியின் கனம், அதாவது ஜி.எஸ்.எம்., பார்க்கவும் பட்டன் நிறுக்கவும் அங்கே ஒரு சின்னத் தராசு இருந்தது. ஒருநாள் மதியம் பிளாஸ்டிக் கவரில் சோற்றைக் கொண்டுபோய் அதில் வைத்தாள். உடன் வேலை செய்த மருதம்மாள் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்கக்கா, சோத்துக்கும் ஜி.எஸ்.எம். பாக்கறீங்களா?"

"ஆமா. கம்மியா வந்தா உன்னத்தான் புடிப்பாங்க, போய் வேலையப் பாரு."

நூற்றிருபது கிராம் சோறு, வீட்டிலிருந்த எவர்சில்வர் டம்ளரில் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. அந்த இடத்தில் ஆணியால் கீறிக்கொண்டாள். பிறகு ராகிக்களி உருண்டையை நிறுத்தாள். கம்மஞ்சோறு நிறுத்தாள். வெந்த தட்டப்பயறு, கடைந்த பச்சைப்பயறு. பத்துப் பதினைந்து நாள் கவரும் கையுமாகப் போய்வந்து, எல்லாவற்றுக்கும் ஒரு கரண்டி, ஒரு கிண்ணம் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகும்போதே ஏழு நாளும் அவள் மனதில் வரிசையாக இருக்கும். கீரை வாடிவிடும், அதனால் திங்களும் செவ்வாயும் கீரை. புதனுக்குக் கோவைக்காயோ அவரைக்காயோ. வாரக் கடைசிக்குப் பூசணி, சுரைக்காய்; அவை தாங்கும். கொள்ளு வைத்த அன்று இரவு பயறு கிடையாது. வாரம் இரண்டு நாள் முட்டை, அதிலும் மஞ்சள் கரு ஒருநாள்தான். இவருக்கு ஒன்று, தங்களுக்கு ஒன்று என்று வைத்தால் தட்டைத் தட்டைப் பார்ப்பார் என்று மூன்று பேருக்கும் அதையே போட்டாள். தீபாவளிக்குக்கூட அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. சென்னம்மாள் அதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

கன்னையன் சாப்பாட்டுப் பிரியர். அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கி நெய் ஊற்றினால் கறியே வேண்டாம் என்பவர். தட்டில் முக்கால் பங்கு காயைப் பார்த்து முதல் வாரம் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் வாரம் பேசினார்.

"ஏம் புள்ள, ஊட்டுல மாடு ஏதாச்சும் வாங்கிக் கட்டியிருக்கறயா? எனக்கு வெச்சிருக்கறது அதுக்கு வெச்சதாட்ட இருக்குது."

"மாடா இருந்தா வெச்சதத் தின்னுட்டுப் பேசாம இருக்குமுங்க."

அவர் தின்றார். ஆனால் கம்பெனி வாசலில் டீக்கடை இருந்தது. மானாமதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த சோணைமுத்து நடத்தியது. பதினோரு மணிக்கும் ஐந்து மணிக்கும் கம்பெனிக்குள் டீ கொண்டுவருவார். கன்னையன் அங்கே மூன்று கரண்டிச் சர்க்கரையோடு டீயும், அதில் நனைத்து இரண்டு வறுக்கியும் தின்றுவந்தது மயிலாளுக்குத் தெரிந்தபோது அவள் கோபப்படவில்லை. நேரே கடைக்குப் போனாள். தன் அண்ணன் கதையைச் சொன்னாள். தன் வீட்டுக்காரர் வந்து எப்படிக் கேட்டாலும், என்ன நடிப்பு நடித்தாலும் ஒரு துளி இனிப்பு கொடுக்கக் கூடாது என்றாள். சோணைமுத்து எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்.

"நீ கவலப்படாமப் போ ஆத்தா. எங்கிட்ட அந்தாளு பருப்பு வேகாது."

அவர் சொன்னபடி நடந்துகொண்டார். அது இரண்டு பேருக்கும் விளையாட்டாகவே ஆகிவிட்டது. கன்னையன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வருவார். தலை சுற்றுகிறது, சர்க்கரை போட்டு ஒரு டீ தாருங்கள் என்பார். ஒருநாள் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கூடக் காட்டினார். வீட்டு உத்தரவு இல்லாமல் கிடையாது என்று சோணைமுத்து சர்க்கரை டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். சர்க்கரையில்லாத டீயைக் குடித்துவிட்டு அவரும் சிரித்துக்கொண்டே மிஷினுக்குப் போவார்.

தை மாதம் சோதித்தபோது நூற்று நாற்பத்தெட்டு. டாக்டர் சீட்டை இரண்டு முறை பார்த்தார். என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று மயிலாளிடம் கேட்டு, அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். இதே போலச் செய்யுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள், மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கும் என்றார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் அவள் மல்லிகைப்பூ வாங்கி வைத்துக்கொண்டாள். வெள்ளையன் இறந்ததற்குப் பிறகு அவளாக வாங்கிய முதல் பூ அதுதான்.

மூன்று மாதம் கழித்துப் போகவில்லை. சீசன். கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு முடியாமல் யாருக்கும் லீவு இல்லை என்றார்கள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, அடுத்த மாதம் போகலாம் என்றார் கன்னையன். எட்டுக் கிலோ இளைத்திருந்தார். சாப்பாடு அளவுக்கு வந்துவிட்டது. மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால்.

அந்தக் கோடையில் தினமும் கரண்ட் கட். கரண்ட் போகிற நேரத்தைச் சாப்பாட்டு நேரமாக வைத்துக்கொள்வது கம்பெனி வழக்கம். எப்படியும் நிற்கப்போகிற மிஷின்தானே. அந்த நேரம் வாராவாரம் மாறும். மயிலாள் அதையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையே நேரத்தை விசாரித்து, மாத்திரைக் கவரில் பென்சிலால் எழுதிக் கொடுப்பாள். வைகாசி மாதம் அந்த வாரம் கரண்ட் போகும் நேரம் பன்னிரண்டரை. மாத்திரை பன்னிரண்டுக்கு என்று எழுதியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை கன்னையன் பன்னிரண்டு மணிக்கு மாத்திரையைப் போட்டார். பன்னிரண்டரைக்குக் கரண்ட் போகவில்லை. ஒரு மணிக்கும் போகவில்லை. இருக்கிற கரண்டை யாரும் வீணாக்க மாட்டார்கள். போகிற வரைக்கும் ஓட்டிவிடுங்கள் என்று முதலாளி வந்து சொல்லிவிட்டுப் போனார். இதோ போய்விடும், இதோ போய்விடும் என்று எல்லோரும் ஓட்டினார்கள். கன்னையனின் தூக்குப்போசி ஆணியில் தொங்கியது. உள்ளே டம்ளர் அளவுச் சோறும் முருங்கைக்கீரையும் கடைந்த பயறும் இருந்தன.

இரண்டு மணிக்கு அவர் கடைக்கு வந்தார் என்று பிறகு சோணைமுத்து சொன்னார். சட்டை நனைந்திருந்தது; கோடைதானே என்று நினைத்தாராம். கையை நீட்டி, சர்க்கரை கொஞ்சம் கொடுங்கள் என்றாராம். டீ கேட்கவில்லை. கை நடுங்கியது. இவ்வளவு தத்ரூபமாக இதுவரை நடித்ததில்லையே என்று சோணைமுத்து சிரித்துக்கொண்டே டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். கன்னையன் சிரிக்கவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த மிஷின் திருமூர்த்தியுடையது. பத்து வருஷப் பழக்கம். கன்னையன் வாயிலிருந்து அவர் ஒரு கெட்ட வார்த்தை கேட்டதில்லை. அன்று கேட்டார். கால் பின்னியது, பேச்சு குழறியது. திருமூர்த்திக்குத் தோன்றியது ஒன்றுதான்: எங்கோ போய்க் குடித்துவிட்டு வந்திருக்கிறார். முதலாளி பார்த்தால் வேலை போய்விடும். கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய், பின்னால் நூல் மூட்டைகள் அடுக்கியிருந்த மறைவில் காலி சாக்கை விரித்துப் படுக்கவைத்தார். கன்னையனின் மிஷினையும் சேர்த்துத் தானே பார்த்துக்கொண்டார். மூன்று மணிக்குக் கரண்ட் போயிற்று. எல்லோரும் சாப்பிட்டார்கள். தூங்கட்டும், எழுப்ப வேண்டாம் என்று திருமூர்த்தி சொன்னார். மனிதர் நல்லதுதான் செய்தார்.

ஐந்து மணிக்கு டீ கொண்டுவந்த சோணைமுத்து, கன்னையன் எங்கே என்று கேட்டார். மறைவுக்குப் போய்ப் பார்த்தார். டீத் தூக்கை அங்கேயே போட்டுவிட்டு ஆட்டோவுக்கு ஓடினார்.

செக்கிங்கில் இருந்த மயிலாளுக்கு ஆள் வந்து சொன்னார்கள். சர்க்கரை ஏறிவிட்டதா, எங்கே தப்பு விட்டேன் என்று வழி நெடுக அந்த வாரத்துச் சாப்பாட்டை ஒவ்வொரு வேளையாக நினைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரியில் இருபத்துநான்கு என்றார்கள். அவளுக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டாள். இருபத்துநான்கு. குளுக்கோஸ் ஏற்றியிருந்தார்கள். டாக்டர் அவளைத் தனியே அழைத்து, மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் விட்டால் இப்படித்தான் இறங்கும் என்று விளக்கினார். வேர்வையும் நடுக்கமும் வந்த உடனே இரண்டு கரண்டிச் சர்க்கரை கொடுத்திருந்தால் கால்மணியில் எழுந்திருப்பார். மூன்று மணி நேரம் மூளைக்கு ஒன்றும் போகவில்லை. தாளின் பின்பக்கம் எல்லாம் போட்டிருக்குமே, படிக்கவில்லையா என்றார். அவர் குரலில் கோபம் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் சென்னம்மாள் சுவரில் ஈரத்துணியை ஒற்றி, தாளை ஊறவைத்து உரித்துப் பார்த்தாள். பசை நன்றாகப் பிடித்திருந்தது. பொடிப்பொடியாகத்தான் வந்தது. தலைகீழாக ஓர் இங்கிலீஷ் வார்த்தை மட்டும் முழுதாக உரிந்து வந்தது. வியர்வை என்று பொருள்.

நான்காம் நாள் கன்னையன் கண் திறந்தார். பத்தாம் நாள் உட்கார்ந்தார். கையும் காலும் நன்றாக இருந்தன. சர்க்கரை காலைக் கேட்கவில்லை. ஆனால் காலையில் நடந்தது மதியம் அவரிடம் இருக்கவில்லை.

சோணைமுத்து வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வாசற்படியைத் தாண்டவில்லை.

"கைய நீட்டிக் கேட்டாருத்தா. நாந்தேன் சிரிச்சுக்கிட்டே இல்லேன்னுட்டேன்."

மயிலாள் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"நாஞ் சொன்னதத்தானுங்கண்ணா நீங்க செஞ்சீங்க."

அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றி என்றைக்கும் பேசவில்லை. சென்னம்மாளும் தாளைப் பற்றிப் பேசவில்லை. அம்மா கேட்பாள் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா கேட்கவில்லை. அந்த ஆனியில் அவள் பாலிடெக்னிக்கில் சேர்ந்தாள்.

புதுச் சிக்கல் ஒன்று முளைத்தது. கன்னையனுக்குச் சாப்பிட்டது மறந்துபோகும். கை கழுவிக் கால்மணி ஆகாது. சோறு போடவில்லையே என்பார். இப்போதுதானே சாப்பிட்டீர்கள் என்றால் நம்ப மாட்டார். பொய் சொல்லி ஏமாற்றப்பட்டவர்போல முகம் சுருங்கிவிடும். போட்டால் ஏறும். போடாவிட்டால் அந்த முகம். இறங்கினால் என்ன ஆகும் என்று இப்போது தெரியும். மயிலாள் சில நாள் அவர் கேட்டபோதெல்லாம் போட்டாள். இருநூற்று எண்பதுக்குப் போயிற்று. சில நாள் மறுத்தாள். மறுத்துவிட்டு, அவர் நெற்றியில் வேர்த்திருக்கிறதா என்று அரைமணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். அவளுக்கே சோறு இறங்காமல் போயிற்று.

பிறகு ஒருநாள் சென்னம்மாளை உட்காரவைத்து, ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை கிராம் என்று கூட்டச் சொன்னாள். சோறு, களி, பயறு, காய் எல்லாம். அதே மொத்தத்தை ஒன்பதாகப் பிரிக்கச் சொன்னாள். மூன்று வேளை ஒன்பது வேளை ஆயிற்று. காலை ஆறு மணி முதல் இரவு பத்து வரை, இரண்டு மணிக்கு ஒருமுறை, உள்ளங்கை அளவு ஒரு கிண்ணம். கேட்டதும் கொடுக்க எப்போதும் ஒன்று தயாராக இருக்கும். டாக்டர், இது இன்னும் நல்லது என்றார், மாத்திரையைக் கால் பங்காகக் குறைத்தார். அவள் செக்கிங் வேலையை விட்டுவிட்டு, நூல் பிசிர் வெட்டப் பனியன் மூட்டைகளை வீட்டுக்கே வாங்கிக்கொண்டாள். சமைப்பது, ஒன்பதாகப் பிரிப்பது, இடையில் பிசிர் வெட்டுவது. மூன்றரை வருஷம் நாள் தவறாமல் இதுதான்.

கடைசி வருஷம் அவருக்கு அவளையே அடையாளம் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைத்துக்கொண்டார். புள்ள என்று கூப்பிட்டவர் மரியாதையாகப் பேசத் தொடங்கினார்.

"ஏனுங்கம்மா, உங்கூட்டுல சோறு இருந்தாச் சித்த போடறீங்களா? எங்கூட்டுக்காரி செக்கிங் போயிட்டா. வர்றதுக்குப் பொழுதாயிரும்."

"இருக்குதுங்க. போடறன்."

சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கழுவியே கொடுப்பார். வேறு வீட்டுக் கிண்ணம் அல்லவா.

"குத்தமா நெனைச்சுக்காதீங்க. உப்புக் கொஞ்சம் கம்மி."

1994 தை மாதம், ஒரு புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணி. நாலாவது கிண்ணத்தைச் சாப்பிட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மயிலாள் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது தலை சாய்ந்திருந்தது. நெற்றியைத் தொட்டாள். வேர்வை இல்லை. இருந்தும் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினாள். அது கடைவாயில் வழிந்தது. நெஞ்சு நின்றுவிட்டது, சர்க்கரை காரணம் இல்லை என்று பிறகு டாக்டர் வந்து சொன்னார்.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது. ஆக்கி வைத்திருப்பதையும் வைத்திருக்கக் கூடாது. கன்னையனின் தங்கை ஆயம்மாள் வெள்ளகோவிலிலிருந்து வந்ததும் நேரே அடுப்படிக்குப் போனாள். மூடிவைத்த கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. இதையெல்லாம் எடுத்துக் கொட்டிவிடலாம் அண்ணி என்றாள்.

மயிலாள் எழுந்து வந்து அடுப்படி வாசலில் நின்றுகொண்டாள்.

"கொட்டாதீங்க. இன்னும் அஞ்சு வேள பாக்கி இருக்குதுங்க."

ஆயம்மாள் விட்டுவிட்டாள். கூடத்திலிருந்து யாரோ கூப்பிட, மயிலாள் போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவள் இந்தப் பக்கம் திரும்பாத நேரம் பார்த்துச் சென்னம்மாள் ஐந்து கிண்ணங்களையும் பின்பக்கம் கொண்டுபோனாள். கொட்டினாள். கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.